முடி மதுரையில், உரிமை நெல்லையில்

பாண்டியர் வரலாற்றைக் கையில் எடுப்பவரை முதலில் திணறடிப்பது பெயர்கள். சுந்தரன், வீரன், விக்கிரமன், பராக்கிரமன், குலசேகரன், சீவல்லபன் என்று ஐந்தாறு பெயர்களே நூற்றாண்டுக்கணக்கில் சுழன்று வருகின்றன. முன்னால் சடையவர்மன் அல்லது மாறவர்மன் என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, ஒரே காலத்தில் இரண்டு, மூன்று பாண்டியர்கள் தத்தம் ஆட்சியாண்டைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதற் குலோத்துங்கன் பாண்டியர் ஐவரை வென்றான் என்று சோழர் தரப்பு பெருமை பேசுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து வந்த வெனிஸ் பயணி மார்க்கோ போலோவும் இந்த நாட்டை அண்ணன் தம்பி ஐந்து பேர் ஆள்கிறார்கள் என்றே எழுதினார். அப்படியானால் மதுரை அரியணை யாருக்கு உரியது? தோற்றவர்கள் எங்கே போனார்கள்? இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் பொருநை என்னும் தாமிரபரணிக் கரையில் கிடைக்கிறது. முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சான்றுகளின் இயல்பை முதலில் பார்த்துவிட வேண்டும். பாண்டியர் கல்வெட்டுகள் பெரும்பாலும் சக ஆண்டைத் தருவதில்லை. ‘இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது’ என்பதுபோல ஆட்சியாண்டைச் சொல்லி, நாள், திதி, நட்சத்திரத்தைக் கூட்டி வைக்கும். அந்தக் குறிப்புகளை வைத்து வானியல் கணக்குப் போட்டுத்தான் எந்த வீரபாண்டியன் எவன் என்று பிரிக்க முடிந்தது. கீல்ஹார்ன், சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொடங்கிய வேலை அது. நீலகண்ட சாஸ்திரி 1929-இல் பாண்டிய அரசின் வரலாற்றை எழுதினார்; பின்னர் சதாசிவ பண்டாரத்தார் தமிழில் எழுதினார். கும்பகோணத்தைச் சேர்ந்த ந. சேதுராமன் 1970-களின் இறுதியில் அந்தக் கணக்குகளை எல்லாம் மீண்டும் போட்டுப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக அடுக்கப்பட்டிருந்த பல அரசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். பல மன்னர்கள் ஒரே நேரத்தில் ஆண்ட கூட்டாட்சி என்ற சித்திரம் அவரால் வலுப்பெற்றது. ஆனால் கூட்டாட்சி என்ற சொல் நிலைமையைக் கொஞ்சம் அழகுபடுத்திவிடுகிறது. பங்காளிகள் ஒத்துப்போன காலத்தில் அது கூட்டாட்சி. ஒத்துப்போகாதபோது உள்நாட்டுப் போர். கல்வெட்டைப் பார்த்து இரண்டையும் பிரிப்பது எளிதல்ல.

மூத்த மகனுக்கே முடி என்று எழுதப்பட்ட விதி இருந்திருந்தால் இத்தனை சிக்கல் வந்திராது. பாண்டியர் குடியில் உரிமை பல கால்களில் நின்றது: பிறப்பு, தாய்வழி உறவு, அபிஷேகம், கையில் இருக்கும் ஆபரணம். இதில் கடைசி ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதற் பராந்தகச் சோழனிடம் தோற்ற மூன்றாம் இராசசிம்ம பாண்டியன் இலங்கைக்கு ஓடி, அங்கே உதவி கிடைக்காமல், முடியையும் குலச் சின்னங்களையும் அங்கேயே விட்டுவிட்டுத் தாய்வழி நாடான சேரநாட்டுக்குப் போனான். பராந்தகன் மதுரையைப் பிடித்துவிட்டிருந்தான். ஆனாலும் அந்த முடி இல்லாமல் முறைப்படி பட்டம் கட்டிக்கொள்ள முடியவில்லை. அதைக் கேட்டு இலங்கைக்குப் படையே அனுப்பினான், கிடைக்கவில்லை. ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்து இராசேந்திர சோழன்தான் அதைக் கைப்பற்றித் தன் மெய்க்கீர்த்தியில் சேர்த்துக்கொண்டான்.

அதே இராசேந்திரன் தன் மகனை மதுரையில் அமர்த்தி, சோழபாண்டியன் என்ற பட்டம் கொடுத்தான். சோழ இளவரசர்கள் மதுரையில் உட்கார்ந்ததும் சடையவர்மன், மாறவர்மன் என்ற பாண்டியப் பட்டங்களையே சூடிக்கொண்டார்கள். வென்றவனுக்கும் தோற்றவனின் பெயர் தேவைப்பட்டது. சோழபாண்டியர் கல்வெட்டுகள் அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, மன்னார்கோயில் என்று தாமிரபரணி நெடுகக் கிடைக்கின்றன. சேரன்மாதேவி நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் ஆனது. மன்னார்கோயிலில் சேர மன்னன் ஒருவன் இராசேந்திரசோழ விண்ணகரம் எடுத்தான். மதுரையைப் பிடித்தவன் பொருநையையும் பிடித்தாக வேண்டும் என்பது சோழர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

காரணம் தண்ணீர். பொதிகையில் பிறந்து காயல் பக்கம் கடலில் சேரும் இந்த ஆறு 130 கிலோமீட்டரைத் தாண்டாது. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இதற்கு உண்டு. கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். வைகை பொய்க்கும் ஆண்டிலும் பொருநைக் கரையில் படைக்குச் சோறு உண்டு. முகத்துவாரத்தில் கொற்கையும் பின்னர் காயலும், முத்தும் குதிரையும். முதுகுப் பக்கம் மலை; மலையில் ஆரியங்காவு, ஆரல்வாய்மொழி என்று இரண்டு கணவாய்கள்; அவற்றைத் தாண்டினால் வேணாடு. மதுரையில் தோற்ற ஒருவன் தலை தப்பி, சோறு தின்று, படை திரட்டி, மறுபடியும் கிளம்புவதற்கு இதைவிடத் தோதான இடம் தென்னாட்டில் வேறெங்கே இருந்தது?

அப்படிக் கிளம்பியவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவன் குலசேகர பாண்டியன். 1160-களின் பிற்பகுதியில் மதுரையில் பராக்கிரம பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தான். அதே குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த குலசேகரன் அரியணை தனக்கே உரியது என்று படையெடுத்து வந்து மதுரையை முற்றுகையிட்டான். இருவருக்கும் இடையிலான உறவுமுறையைச் சான்றுகள் தெளிவாக விளக்கவில்லை. குலசேகரனின் தாய்மாமன் கொங்குநாட்டு அரசன் என்பது மட்டும் தெரிகிறது. முற்றுகைக்குள் சிக்கிய பராக்கிரமன் கடலுக்கு அப்பால் உதவி கேட்டான். பொலன்னறுவையில் அப்போது அரசாண்டவன் முதலாம் பராக்கிரமபாகு. அவன் தண்டநாயகன் இலங்காபுரனைப் படையோடு அனுப்பினான். படை வந்து சேருமுன் மதுரை விழுந்தது. பராக்கிரமன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான்.

உதவி கேட்டவனே செத்த பிறகு உதவிக்கு வந்தவன் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தப்பிய மகன் வீரபாண்டியனை அரியணையில் ஏற்றும்வரை போரை நிறுத்தாதே என்று பொலன்னறுவையிலிருந்து கட்டளை வந்தது. இராமேசுவரம் அருகே இறங்கிய இலங்காபுரன் குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குத் தன் அரசன் பெயரை வைத்தான். பிடிபட்ட தமிழ் வீரர்களை இலங்கைக்கு அனுப்பி, முன்பு சோழர் படை சிதைத்த பெரிய தூபியைப் பழுதுபார்க்க வைத்ததாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பாண்டியர் பங்காளிச் சண்டைக்குள் இன்னொரு பழைய கணக்கும் தீர்க்கப்பட்டது.

குலசேகரன் தோற்றுத் தோற்று எழுந்தான். கொங்கிலிருந்து மாமன் படை வந்தது. தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ஆள் திரட்டினான். ஜகத்விஜயன் என்ற இரண்டாம் தளபதியும் இலங்கையிலிருந்து வந்து சேர, வீரபாண்டியன் மதுரையில் முடிசூட்டப்பட்டான். இந்தப் போரில் சூளவம்சத்தின் கதை இலங்கை வெற்றியோடு நின்றுவிடுகிறது. மீதியைச் சோழநாட்டுக் கல்வெட்டுகளில்தான் படிக்க வேண்டும். ஒரே போரைப் பற்றி இரண்டு தரப்பும் தாம் வென்ற பகுதியை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனது நமக்கு ஒருவகையில் வசதி. இரண்டையும் ஒட்டினால் முழுக்கதை ஓரளவு கிடைத்துவிடும்.

குலசேகரன் சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனிடம் போய் நின்றான். பல்லவராயர் தலைமையில் சோழப்படை கிளம்பியது. போர் எவ்வளவு அச்சம் கொடுத்தது என்பதற்குக் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு சாட்சி. எதிரிலிசோழச் சம்புவராயன் இலங்கைப் படையை எண்ணிக் கலங்கி உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவரிடம் முறையிட்டான். அவர் 28 நாள் பூசை செய்தார். வெற்றிச் செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கமே அவருக்குத் தானமானது. போர்க்களம் மதுரைப் பக்கம்; கலங்கியவன் இருந்ததோ தொண்டைநாட்டில். இலங்காபுரன், ஜகத்விஜயன் இருவரின் தலையும் மதுரைக் கோட்டை வாயிலில் ஆணியடிக்கப்பட்டன என்பதைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. குலசேகரனுக்கு மதுரை கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் அதில் வியப்பில்லை. குலசேகரன் பட்டத்துக்கு வந்ததும், தன்னை எதிர்த்த அதே பராக்கிரமபாகுவோடு ஓலையும் பரிசும் பரிமாறத் தொடங்கினான். சோழனுக்கு வேண்டிய பாண்டியநாட்டுத் தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே துரத்தினான். வாயிலில் அறைந்திருந்த தலைகளையும் எடுத்துப் போட்டான். இராசாதிராசனின் 12-ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதையெல்லாம் குற்றப்பத்திரிகைபோல வரிசையாகச் சொல்கிறது. உடனே சோழன் அண்ணன் பல்லவராயனை அனுப்பிக் குலசேகரனை இறக்கிவிட்டு, எந்த வீரபாண்டியனை எதிர்த்து இத்தனை போரும் நடந்ததோ அதே வீரபாண்டியனையே அரியணை ஏற்றினான். இலங்கைக்கும் அவர்கள் மருந்தையே கொடுத்தான்: பராக்கிரமபாகுவின் மருமகனும் அந்த அரியணைக்கு உரிமை கோரியவனுமான சீவல்லபனைப் படையோடு அனுப்பி, மாதோட்டம் உள்ளிட்ட ஊர்களைச் சூறையாடி யானைகளைப் பிடித்துவரச் செய்தான்.

இந்த ஏழெட்டு ஆண்டுப் போரில் எந்த இடத்திலாவது யார் பிறப்பால் மூத்த கிளை என்று ஒருவராவது கேட்டார்களா? சூளவம்சமும் கேட்கவில்லை, சோழர் கல்வெட்டும் கேட்கவில்லை. வெளியாருக்குத் தேவைப்பட்டது பாண்டியர் குடியில் பிறந்த யாரோ ஒருவன், அவ்வளவே. ஆனால் அந்த ஒருவன் பாண்டியனாக இருந்தே ஆக வேண்டும். அந்த நிபந்தனையை யாரும் தளர்த்தவில்லை. உரிமையின் எல்லை அகலமானது, ஆனாலும் எல்லை உண்டு என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிவது.

அடுத்த தலைமுறையில் வேடங்கள் மட்டும் மாறின. வீரபாண்டியன் சோழனுக்குப் பகையானான். மூன்றாம் குலோத்துங்கன் விக்கிரம பாண்டியன் பக்கம் நின்றான். நெட்டூரில் தோற்ற வீரபாண்டியன் மலையைத் தாண்டிக் கொல்லத்துக்கு ஓடினான். அந்தக் கணவாய் வழி மறுபடியும் பயன்பட்டது. விக்கிரமன் மகன் குலசேகரன் 1190-இல் பட்டத்துக்கு வந்தான். அவனும் சோழனுக்கு அடங்காமல் போகவே, 1205-ஐ ஒட்டிக் குலோத்துங்கன் மதுரையின் அபிஷேக மண்டபத்தை இடித்து, அந்த இடத்தில் கழுதை பூட்டி ஏர் உழுதான். கோட்டையை விட்டுவிட்டு முடிசூட்டும் மண்டபத்தை இடித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பதிலடி 1216-இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனிடமிருந்து வந்தது. தஞ்சையையும் உறையூரையும் எரித்தான், சோழனுடைய அபிஷேக மண்டபத்தில் தானே வீராபிஷேகம் செய்துகொண்டான், பிறகு முடியைச் சோழனிடமே திருப்பிக் கொடுத்தான்.

பாண்டியர் உச்சத்தில் இருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டில் பூசல் அடங்கியிருந்ததுபோல் தெரிகிறது. தெரிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். காயல் துறைமுகம் அந்த ஐந்து சகோதரரில் மூத்தவனுக்கு உரியது என்று எழுதும் மார்க்கோ போலோ, இந்தச் சகோதரர்கள் அவ்வப்போது ஆயுதம் எடுப்பதையும், பெற்ற தாய் குறுக்கே வந்து பாலூட்டிய மார்பை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டி நிறுத்துவதையும் சொல்கிறார். தாய் போனபின் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்ற ஊர்ப்பேச்சையும் பதிவு செய்கிறார். அது 1290-களின் தொடக்கம்.

இருபது ஆண்டுக்குள் அது நடந்தது. மாறவர்மன் குலசேகரனுக்கு இரண்டு மகன்கள்: சுந்தரன், வீரன். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுவதன்படி சுந்தரன் பட்டத்தரசியின் மகன், வீரன் அப்படியல்ல, தந்தை வீரனையே வாரிசாக்கினார், 1310-இல் சுந்தரன் தந்தையைக் கொன்றான். இந்தக் கதையைப் பள்ளிப் புத்தகங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டன. கல்வெட்டுகளோ வீரன் 1297-இலும் சுந்தரன் 1303-ஐ ஒட்டியும், தந்தை உயிரோடு இருந்தபோதே, ஆட்சியாண்டு எண்ணத் தொடங்கியதைக் காட்டுகின்றன. அதாவது இருவருமே முடிசூடியவர்கள். முறையான மகன், முறையல்லாத மகன் என்ற பிரிவு வஸ்ஸாஃபின் வாசகர்களுக்குப் புரிந்த அளவுக்குப் பாண்டியர் அரண்மனையில் எடைபெற்றதா என்பது ஐயமே. 1311-இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்து யானைகளையும் செல்வத்தையும் அள்ளிச் சென்றதற்கு இந்தச் சண்டை வழிவிட்டது உண்மை. ஆனால் பாண்டியர் அதோடு அழிந்துவிடவில்லை. அதே வீரபாண்டியன் அதற்குப் பிறகும் பல்லாண்டு ஆட்சியாண்டு எண்ணிக்கொண்டிருந்தான். இடையில் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் வேறு, பாண்டிய இளவரசியை மணந்த கையோடு, காஞ்சிபுரம் வரை போய் முடிசூடிக்கொண்டான்.

மதுரையில் சுல்தான்கள் ஆட்சி, பின் 1371-இல் விஜயநகர இளவரசன் கம்பணன் படையெடுப்பு, விஜயநகர ஆட்சி. பாண்டியர் முழுமையாகத் தெற்கே வந்துவிட்டார்கள். காலியாகக் கிடந்த மதுரைப் பெருமைக்கு அப்போதுதான் வேறொரு குடி கை நீட்டியது: வாணாதிராயர்.

இவர்கள் அரச குலமல்லாத பெருங்குடியினர். மாவலிச் சக்கரவர்த்தியின் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட வாணர். பாண்டியப் பேரரசில் அதிகாரிகளாக இருந்து வளர்ந்தவர்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அழகர்கோயிலை மையமாகக் கொண்டு மதுரை வட்டாரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அழகர்மேல் பக்தி கொண்டு ‘உறங்காவில்லிதாசன்’ என்று பெயர் வைத்துக்கொண்ட மாவலி வாணாதிராயன், சுந்தரத்தோளுடையான் மாவலி வாணாதிராயன் ஆகியோர் கல்வெட்டுகளில் வருகிறார்கள். அவர்கள் சூடிய விருதுகளில் இரண்டு நம் கேள்விக்கு நேரானவை: மதுராபுரி நாயகன், பாண்டிய குலாந்தகன். ஒன்று மதுரை என்னுடையது என்கிறது. மற்றது பாண்டியர் குலத்துக்கே நான் எமன் என்கிறது.

இதற்கு முற்றிலும் மாறான கதையை மதுரை வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெய்லர், நெல்சன் போன்றவர்கள் வழியாக அச்சுக்கு வந்த அந்த ஏடுகளின்படி, 1451-ஐ ஒட்டி இலக்கண நாயக்கர் காளையார்கோயிலிலிருந்து நால்வரைக் கொண்டுவந்து மதுரையில் பட்டம் கட்டினார். அவர்கள் ஒரு பாண்டியனுக்குக் கோயில் கணிகையிடம் பிறந்த மக்கள். அந்த நால்வரில் இருவர் பெயர் வாணாதிராயர் என்றே முடிகிறது, அவர்களில் ஒருவன் சுந்தரத்தோள்! கல்வெட்டில் பாண்டியரை ஒழிக்க வந்த வாணன், ஏட்டில் பாண்டியனின் மகன். எது உண்மை என்றால் நான் கல்வெட்டின் பக்கம். அவர்கள் உயிரோடு இருந்தபோது தாமே வெட்டுவித்தது அது, ஏடு பிற்காலத்தது. ஆனால் ஏட்டின் பொய்யும் பயனுள்ள பொய். மதுரையில் உட்கார்ந்த எவரையும், தாசி மகனாகவாவது, பாண்டிய இரத்தத்தோடு சேர்த்து வைக்காமல் மக்கள் நினைவால் இருக்க முடியவில்லை. நானூறு ஆண்டுக்கு முன் சோழ இளவரசன் சடையவர்மன் ஆனதும் இதே தேவையால்தான்.

உண்மையான பாண்டியர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தென்காசியில் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1422-இல் ஆட்சிக்கு வந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். இந்தக் கோயிலைக் காப்பவர் எவராயினும் அவர் காலில் விழுகிறேன் என்ற பொருளில் அங்கே அவன் வெட்டுவித்த பாடல்கள் புகழ்பெற்றவை. தனக்குப் பின் இந்த மண்ணை யார் ஆள்வார் என்பதில் அவனுக்கு நிச்சயம் இல்லை என்றே அந்த வேண்டுகோளைப் படித்தால் தோன்றுகிறது. அந்த ஐயத்துக்குக் காரணம் வடக்கே வாணர் மட்டுமல்லர். மேற்கே வேணாட்டார் கணவாய் வழியாக இறங்கிக் களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் தம் கல்வெட்டுகளைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலம் கொடுத்த கணவாயே படையெடுப்புக்கும் வழியானது.

1532-இல் அது பெரும்போராக முற்றியது. வேணாட்டு மன்னன் பாண்டியனை அவன் நாட்டிலிருந்து விரட்டியிருந்தான். விஜயநகரத்தை எதிர்த்துக் கிளர்ந்த சாளுவ செல்லப்பாவும் வேணாட்டில் புகுந்திருந்தான். விஜயநகர அரசன் அச்சுதராயன் தன் மைத்துனன் சலகராசு திருமலையின் தலைமையில் படையை அனுப்பினான். தாமிரபரணிக் கரையில் வெற்றித்தூண் நாட்டப்பட்டது, வேணாடு கப்பம் கட்டியது, பாண்டியன் மீண்டும் தன் நாட்டைப் பெற்றுத் தன் மகளை அச்சுதராயனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான். சடையவர்மன் சீவல்லபன் ‘இறந்தகாலம் எடுத்தவன்’ என்று விருது சூடியது இந்த மீட்சியை வைத்துத்தான். மீட்டது அவன் கையல்ல என்பதை விருது சொல்லவில்லை.

கல்வெட்டுக்கு வெளியே இந்தப் பூசல்களின் நினைவு வேறு வடிவம் எடுத்தது. வள்ளியூரில் கோட்டை கட்டி ஆண்ட குலசேகர பாண்டியனும் அவன் தம்பிகளும் கன்னடியனோடு போரிட்டு மாண்ட கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் பாடிவந்தார்கள். நாங்குநேரி மண்ணைச் சேர்ந்த நா. வானமாமலை அதை ‘ஐவர் ராசாக்கள் கதை’ என்று பதிப்பித்தார். கயத்தாற்றில் விசுவநாத நாயக்கரை எதிர்த்து நின்றவர்களையும் நாயக்கர் கால ஏடுகள் ஐந்து பாண்டியர் என்றே எண்ணுகின்றன. ஐவரில் ஒருவனை அவர் தனிச்சமரில் கொன்றதாகச் சொல்கின்றன. குலோத்துங்கன் காலத்திலிருந்து எண்ணிக்கை மாறவே இல்லை. ஆகவே இந்த ஐந்தை எங்கே கண்டாலும் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாமல் விடுவதே வரலாற்று மாணவருக்கு நல்லது.

பதினாறாம் நூற்றாண்டு முடியும்போது பாண்டியர் மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டும் குறுநில மன்னர்கள். தென்காசியில் 1564 முதல் அதிவீரராம பாண்டியன். அவன் இருக்கும்போதே 1588-இல் பட்டமேறிய தாயாதி வரதுங்கராமன் கரிவலம்வந்தநல்லூரோடு பிணைத்துப் பேசப்படுபவன். இருவரும் தனித்தனி ஆட்சியாண்டு எண்ணினார்கள், இருவரும் புலவர்கள். இவர்களுக்கு இடையிலும் ஒரு படையெடுப்பு நடந்ததாகச் செவிவழிக் கதை உண்டு. அதிவீரராமன் தன் நைடதத்தை அனுப்பிவைக்க, வரதுங்கன் மனைவி அதைப் படித்து, தொடக்கத்தில் பாய்ந்த வேகம் போகப்போக இளைத்துவிட்டது என்று குறை சொன்னாளாம். சினந்த ஆசிரியர் படையோடு கிளம்பிவிட்டார். அண்ணி அனுப்பிய மறுமொழியைக் கேட்டு, சண்டை போடாமலே திரும்பினார் என்கிறார்கள்.